மூடிய பெட்டிக்குள் என்ன?

உங்கள் முன் இரண்டு மூடிய பெட்டிகள். ஒவ்வொன்றிலும் இரண்டே பொத்தான்கள்: 'கூட்டு', 'காட்டு'. மூன்று முறை 'கூட்டு' அழுத்திவிட்டுக் 'காட்டு' அழுத்தினால், இரண்டுமே 3 என்கின்றன.

உள்ளே எட்டிப் பார்ப்போமா? முதல் பெட்டி சமர்த்து: 0, 1, 2, 3 என்று ஏறுகிறது. இரண்டாவது குறும்புக்காரப் பெட்டி: 0, -1, -2, -3 என்று இறங்குகிறது. 'காட்டு' அழுத்தியதும் கழித்தல் குறியை மட்டும் மறைத்துவிடுகிறது!

கணினி மொழிகளிலும் இப்படிப் பெட்டிகள் உண்டு. பெயர் 'ஆப்ஜெக்ட்'. நார்வே நாட்டின் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் பிறந்த யோசனை இது. ஜாவா போன்ற இன்றைய மொழிகளில் பெட்டியின் உள்பக்கத்தைப் பூட்டியும் வைக்கலாம். பூட்டியிருந்தால், பழைய பெட்டியை எடுத்துவிட்டு வேகமான புதிய பெட்டியை வைத்தாலும் வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டும் எப்போதும் ஒரே விடை தர வேண்டுமே!

நூறு முறை அழுத்திப் பார்த்தால் போதுமா? போதாது. 9999-க்குப் பிறகு 0-க்குத் திரும்பிவிடும் மூன்றாவது பெட்டி ஒன்று இருந்தால், நூறு தடவையில் அதன் குட்டு வெளிப்படாது.

அழுத்திக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டு, ஒரு விதியைத் தேடுவோம். முதல் இரண்டு பெட்டிகளின் உள்ளே இருக்கும் எண்களைக் கூட்டினால் 0. இதுதான் விதி.

தொடக்கத்தில் சரியா? 0 + 0 = 0. சரி.

'கூட்டு' அழுத்தினால்? ஒன்று 1 ஏறுகிறது, மற்றது 1 இறங்குகிறது. கூட்டுத்தொகை அப்படியே 0.

'காட்டு' அழுத்தினால்? கூட்டினால் 0 வரும் எண்களுக்குக் குறி மட்டும்தான் வேறு. குறியை மறைத்தால் இரண்டும் ஒன்றே.

முடிந்தது! கோடி முறை அழுத்தினாலும் இரண்டின் விடையும் ஒன்றே.

மூன்றாவது பெட்டிக்கும் முதல் பெட்டிக்கும் 'இரண்டிலும் ஒரே எண்' என்று விதி வைத்துப் பாருங்கள். 9999-இல் இன்னொரு அழுத்து: ஒன்றில் 10000, மற்றதில் 0. விதி அறுந்த இடத்திலேயே குட்டும் உடைந்தது.

பெட்டியின் உள்ளமைப்பு சரிதான் என்று இப்படிக் கணிதத்தால் நிரூபிக்கும் முறையை 1972-இல் எழுதிக் காட்டியவர், கொழும்பில் பிறந்த ஆங்கிலேய அறிஞர் டோனி ஹோர்.

உங்களுக்கு ஒரு புதிர்: நான்காவது பெட்டி ஒவ்வோர் அழுத்துக்கும் 2 ஏறும், காட்டும்போது பாதியாக்கிக் காட்டும். அதை முதல் பெட்டியோடு இணைக்கும் விதி என்ன?