தலைமையாசிரியருக்கும் ஒரு பள்ளி வேண்டும்

ஊரைவிட்டு வந்து வாழும் நம்மவர் இல்லங்களில், தாயகத்திலிருந்து தொலைபேசி மணி அடித்தவுடன் முதலிற் கேட்கப்படுவது மழை பெய்ததா என்பது. அடுத்துக் கேட்கப்படுவது பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குச் செல்கின்றனரா என்பது. அந்தப் பள்ளியை நடத்துகிறவர் யார், அப்பணிக்கு அவர் எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டார் என்று நாம் கேட்பதில்லை. இம்மாதம் அக்கேள்வியை நம் அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில், குப்பத்திற்கு அண்மையில் இருப்பது ராமகுப்பம். ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கும் மூலை அது. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது சென்னை மாகாணத்தின் பகுதியாகவே இருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. குப்பம் பகுதி ஆந்திரத்திலேயே நின்றது. எல்லை எவ்வாறு மாறினும், அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் தெலுங்கரோடு அண்ணன் தம்பியராய்ப் பழகிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவர்களுள் பலருடைய மக்களும் மருமக்களும் இன்று நம்மைப் போல் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பிழைக்கின்றனர்.

ஒரு காலை வேளை

அந்த எல்லைப்புறத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நாம் ஒரு காலை வேளையைக் கழிக்க நேர்ந்தது. ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் ஈண்டு வேண்டா. தலைமையாசிரியர் இருபது ஆண்டுகள் கணக்குக் கற்பித்தவர். நல்ல ஆசிரியர் என்று ஊரார் ஒருமுகமாகக் கூறினர். பணிமூப்பின்படி அவருக்குத் தலைமைப் பதவி வந்தது. மதிய உணவுக்கு வந்த அரிசியை நிறுக்கச் செய்து குறித்துக்கொண்டார், முட்டைகளை எண்ணினார், பிள்ளைகளின் வருகைக் கணக்கைக் கைப்பேசியில் ஏற்ற முயன்று, தொடர்பு கிட்டாமையால் வெளியே வேப்பமரத்தடியில் நெடுநேரம் நின்றார், தண்ணீர்த் தொட்டி பழுதுபட்டது பற்றி முறையிட வந்த தாய்மாருக்கு விடை கூறினார். நண்பகல் வரை ஒரு வகுப்பறையிலேனும் அவர் கால்வைக்க இயலவில்லை.

அப்பள்ளியின் மூன்றாம் வகுப்பில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் பன்னிருவர் இருந்தனர். அவர்களுக்குத் தமிழ் கற்பிக்க ஆசிரியர் இல்லை. மேலிடத்தில் ஓர் ஆசிரியரைக் கேட்டதுண்டா என்று வினவினோம். அவ்வாறு கேட்கலாம் என்பதே தமக்குத் தெரியாது என அவர் ஒளிவுமறைவின்றிக் கூறினார்.

நம் நாட்டில் இதற்கென ஒரு நெறி உண்டு. ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ வட்டார மொழியல்லாத வேறொரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருப்பின், தொடக்கக் கல்வியை அம்மொழியில் அளிக்க ஓர் ஆசிரியரையேனும் அமர்த்துதல் வேண்டும் என்று 1949-ஆம் ஆண்டு கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு தீர்மானித்தது. 1956-ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்ய முயலுதல் மாநிலங்களின் கடமை என்று அது விதிக்கிறது. எனினும், பிள்ளைகளை எண்ணி, கணக்கை எழுதி, உரிய அலுவலருக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டியவர் பள்ளியின் தலைவர் அல்லரோ? அவர் அறியாவிடில் நெறி ஏட்டிலேயே உறங்கும். பிள்ளைகள் தம் தாய்மொழி எழுத்தை அறியாமலே வளர்வர். இதற்கு அத்தலைமையாசிரியரை நாம் குறை கூறோம். அவருக்கு இதனை ஒருவரும் கற்பிக்கவில்லை என்பதே நம் குறை.

கற்பித்தல் வேறு, நடத்துதல் வேறு

நன்றாக நெய்யத் தெரிந்தவர் எல்லோரும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை நடத்த வல்லவர் ஆகார். அதற்கு வேறு சில திறமைகள் வேண்டும். பள்ளிக்கும் இது பொருந்தும். ஆயினும், ஆசிரியரைப் பயிற்ற வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிய அளவுக்குத் தலைமையாசிரியரைப் பயிற்ற வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றவில்லை. சென்னை மாகாணத்தில் 1855-ஆம் ஆண்டிலேயே பொதுக்கல்விக்கு ஓர் இயக்குநர் அமர்த்தப்பட்டார். பின்னாளில் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1856-ஆம் ஆண்டிலே தோன்றியது. பள்ளித் தலைவர்களுக்கும் ஆய்வாளர்களுக்குமோ அனுபவமே ஆசான் என்று விடப்பட்டது.

அனுபவம் மட்டுமே பெருந்தலைவர்களை ஆக்கியதும் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. பள்ளி ஆய்வாளராய் ஊர் ஊராகச் சுற்றிப் பணிசெய்து உயர்ந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள், காமராசர் முதலமைச்சராய் இருந்த காலத்தில் கல்வி இயக்குநராய் விளங்கினார். 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திலும், 1958 முதல் ஊர் மக்களே தம் பள்ளிக்கு வேண்டுவனவற்றை மனமுவந்து அளித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் அவர் ஆற்றிய பங்கு பெரிது. ஆனால் ஒவ்வொரு வட்டத்திற்கும் ஒரு சுந்தரவடிவேலு தாமே தோன்றுவார் என்று காத்திருத்தல் அறிவுடைமை ஆகுமா?

இதனை முன்னரே உணர்ந்தோர் உளர். சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராய் இருந்த டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும் என்று வற்புறுத்தியது. அடுத்து 1964-66-இல் அமைந்த கோத்தாரி குழு, அண்டைப் பள்ளிகளை ஒரு தொகுதியாக இணைத்து நடத்தும் முறையைப் பரிந்துரைத்தது. இதற்கிடையே 1962-இல் யுனெஸ்கோவின் துணையோடு ஆசியக் கல்வி நிருவாகிகளுக்கான பயிற்சி மையம் ஒன்று புதுதில்லியில் எழுந்தது. அதுவே 1970-இல் தேசியப் பணியாளர் கல்லூரியாகி, 1979-இல் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிருவாக நிறுவனம் என்னும் பெயர் பெற்று, 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாக உயர்ந்தது. மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கு முதுநிலைப் பட்டயப் பயிற்சி அளித்து வரும் அந்நிறுவனம், 2012-இல் பள்ளித் தலைமைக்கென்றே தேசிய மையம் ஒன்றைத் தொடங்கியது. தலைவர் தம்மைத் தாமே செம்மைப்படுத்திக் கொள்ளுதல், வகுப்பறைக் கற்பித்தலை மேம்படுத்துதல், ஆசிரியர்களை ஒரு குழுவாக இணைத்தல், புதுமைகளுக்கு வழிவிடுதல், பெற்றோரோடும் ஊராரோடும் கைகோத்தல், அலுவலகத்தை ஒழுங்குற நடத்துதல் ஆகியன அம்மையத்தின் பாடங்கள். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளித் தலைவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமேனும் இத்தகைய பயிற்சி பெறுதல் வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

நாம் வாழும் நாடுகளில்

நம் வாசகர் பலர் வாழும் நாடுகள் இத்துறையில் முந்திக்கொண்டன. சிங்கப்பூரில் 1984-இலேயே கல்வி நிருவாகத்திற்கெனப் பட்டயப் படிப்புத் தொடங்கிற்று. 2001 முதல், துணை முதல்வர்களுள் தகுதியுடையோரைத் தேர்ந்து, பள்ளி வேலையினின்று விடுவித்து, ஆறு மாதம் முழுநேரம் பயிற்றுகின்றனர். மலேசியாவில் 1979-இல் தோன்றிய கல்வி அலுவலர் பயிற்சி நிறுவனம் 1988 முதல் அமினுதீன் பாக்கி நிறுவனம் என வழங்குகிறது. தலைமைப் பொறுப்புக்கான தேசியத் தகுதிப் பயிற்சி அங்கு 1999-இல் வந்தது. அந்நாட்டின் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் அதே கல்வித்துறையைச் சார்ந்தவர்களே. இலங்கையில் தலைமையாசிரியரை அதிபர் என்பர். அவர்களுக்கென அதிபர் சேவை என்ற தனிச் சேவையே உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகம் 1920-இல் கல்வியியலுக்குத் தனிப் பள்ளி நிறுவியது. 2010-இல் கல்வித் தலைமைக்கென மூன்றாண்டு முனைவர் படிப்பை வகுத்தது. அதன் மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு கல்வி நிறுவனத்தில் நேரிற் பணிபுரிந்தே கழிய வேண்டும். மருத்துவம் பயில்வோர் மருத்துவமனையில் பயிலுவது போன்றதே இம்முறை.

பட்டம் ஒன்றே போதுமா எனில், போதாது. பயிற்சி பெற்றவரை ஓராண்டில் வேறூருக்கு மாற்றிவிட்டால் அப்பயிற்சி அப்பள்ளிக்குப் பயன்படாது. அரிசி நிறுத்தலையும் முட்டை எண்ணுதலையும் பகிர்ந்துகொள்ள ஓர் எழுத்தரேனும் இல்லாவிடில், கற்றதைக் கையாள நேரம் ஏது? ஆகவே பயிற்சியும், நிலைத்த பணியிடமும், உதவியாளரும் சேர்ந்தே வரவேண்டும். இவற்றுள் முதலாவதைத்தான் நாம் இங்கு வற்புறுத்துகிறோம். தம் தேவை இன்னதென்று உணர்ந்து கேட்கத் தெரிந்த தலைவரே மற்ற இரண்டையும் பெற்றுத் தருவார்.

தொலைவிற் போக வேண்டா

இதற்குத் தில்லிக்கும் ஹார்வர்டுக்கும் போனால்தான் ஆகும் என்பதில்லை. முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி உள்ளது. அங்குள்ள கல்வி நிலையம், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்தும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென அட்டைகளைக் கொண்டு கற்பிக்கும் முறை ஒன்றை வகுத்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அங்குச் சென்று கண்டு பயின்றனர். அம்முறையைத் தழுவிய செயல்வழிக் கற்றல் 2003 முதல் சென்னையிலும், பின்னர்த் தமிழ்நாடெங்கும் பரவியது. தெலுங்கு நாட்டுச் சிற்றூரில் விளைந்தது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. அதன் அருமையை உணர்ந்து ஆசிரியர்களை அனுப்பிய நிருவாகிகள் இல்லாவிடில் அது நிகழ்ந்திராது.

ராமகுப்பத்திற்கு அண்மையிலேயே, குப்பத்தில், திராவிடப் பல்கலைக் கழகம் இருக்கிறது. தமிழ்நாடு, கருநாடகம், கேரளம் ஆகிய அரசுகளின் ஆதரவோடு ஆந்திர அரசு 1997-இல் அதனை நிறுவியது. பல மொழி பேசும் பிள்ளைகள் ஒருங்கே பயிலும் எல்லைப்புறப் பள்ளிகளை நடத்துவது எவ்வாறு என்று கற்பிக்கும் ஒரு முதுநிலைப் படிப்புக்கு அதனினும் பொருத்தமான இடம் எது? அக்கம்பக்கத்து மூன்று மாநிலத் தலைமையாசிரியர்களும் விடுமுறை நாட்களில் வந்து பயிலத்தக்கதாய் அது அமையலாம். இது நம் கருத்து; அறிஞர் பெருமக்கள் ஆராய்வார்களாக.

நம் இல்லங்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது: ஊர்ப் பள்ளிக்குச் சுவரும் கதவும் கட்டப் பணம் அனுப்பும் அன்பர்கள், அப்பள்ளித் தலைவர் ஒரு பயிற்சிக்குச் சென்றுவரும் செலவையும் அறமாகக் கருதவேண்டும். சுவருக்குக் கொடுத்தால் கல்லில் நம் பெயர் பொறிக்கப்படும். பயிற்சிக்குக் கொடுத்தால் பெயர் எங்கும் இராது. ஆயினும் அப்பயன் அவர் பணியாற்றும் ஆண்டெல்லாம் பிள்ளைகளைச் சேரும். இரண்டாவது: 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரோ காப்பாளரோ ஆவர். ஊரில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டியர் அக்குழுவில் அமர்ந்து, தமிழ் பேசும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லலாம். மூன்றாவது: மருத்துவமும் பொறியியலும் அல்லாத படிப்பைப் படிப்பென்றே எண்ணாத நாம், நம் மக்களுள் ஒருவரேனும் கல்வி நிருவாகம் பயில விரும்பினால் தடுக்காதிருத்தல் வேண்டும்.

அந்தத் தலைமையாசிரியருக்கு 1949-ஆம் ஆண்டுத் தீர்மானத்தையும் 350-ஏ பிரிவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் அதனை இருமுறை படித்துத் தம் வருகைப் பதிவேட்டினுள் வைத்துக்கொண்டார். பின்னர் எழுந்து மூன்றாம் வகுப்புக்குச் சென்று பிள்ளைகளை எண்ணத் தொடங்கினார். அன்று அவர் வகுப்பறைக்குள் நுழைந்தது அதுவே முதன்முறை.