அம்மாவின் பங்கு

நம்மில் பலர் சிறுவயதில் அப்பாவோடு கரைவலை இழுத்தவர்கள். அம்மாவோடு கருவாடு காயப்போட்டவர்கள். வீட்டின் கஷ்டம் அப்போதே நமக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறோம்.

இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாமும் அப்படி உழைத்து வளர்ந்தவரே. இரண்டாம் உலகப்போரின்போது அவ்வூரில் ரயில் நிற்கவில்லை. ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளை எடுத்துக்கொடுத்து, உறவினர் சம்சுதீனுக்கு உதவினார். அது ரேஷன் காலம். ஒருநாள் அம்மா வைக்க வைக்கச் சப்பாத்தி சாப்பிட்டார். அம்மா தம் பங்கையும் அவருக்கே வைத்துவிட்டதைப் பிறகு அண்ணன் தனியே அழைத்துச் சொன்னார். கலாம் ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டார்.

உழைத்த பிள்ளைக்கே ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. தம்மையே உணவாகத் தந்த ஆண்டவரின் அன்பு நம் அடுப்படியிலும் இருக்கிறது. நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவருக்குச் சட்டியில் என்ன மிஞ்சுகிறது? இன்றிரவு பார்ப்போம்.