சருகுப் படையும் அதன் பிரிகையாக்கமும்

ஊவா மாகாணத்தின் நில்கல போன்ற உலர் காடுகளில் கடுக்காய், தான்றி, நெல்லி முதலிய மரங்கள் வளர்கின்றன. அங்கு வரண்ட மாதங்களில் சருகு தடிப்பாகச் சேர்கிறது. மழை தொடங்கியதும் அது விரைவாகக் குறைகிறது. இதற்கான காரணம் என்ன?

1. சருகு சேர்தல்
மண்ணில் நீர் குறையும்போது பல மரங்கள் இலைகளை உதிர்த்து ஆவியுயிர்ப்பைக் குறைக்கின்றன. பற்றீரியாக்களுக்கும் பங்கசுக்களுக்கும் ஈரலிப்பு அவசியம். அது இல்லாதபோது பிரிகையாக்கம் மந்தமாகும். அக்காலத்திலும் கறையான்கள் சருகை உண்கின்றன.

2. சருகு பிரிகையடைதல்
மழை பெய்ததும் கரையக்கூடிய பதார்த்தங்கள் முதலில் கழுவப்படும். மண்புழு, மரவட்டை போன்றவை சருகைத் துண்டுகளாக்கும். பின்னர் நுண்ணங்கிகள் அதைப் பிரிகையாக்கும். காபனீரொட்சைட்டு வளிக்கும், நைதரசன், பொசுபரசு ஆகியவற்றின் சேர்வைகள் மண்ணுக்கும் சேரும். எஞ்சுவது உக்கல்.

3. சருகு எரிந்தால்
சருகிலுள்ள நைதரசனில் பெரும்பகுதி வளியை அடையும். எஞ்சும் சாம்பலையும் மேல்மண்ணையும் ஒக்டோபர் மழை அடித்துச் செல்லும். தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய இலைகளை நிலத்திலேயே விடுவதன் பயனும் இதிலிருந்து விளங்கும். அவை மழைத்துளியின் தாக்கத்தைத் தாங்கி மண்ணரிப்பைக் குறைக்கின்றன.

கவனிக்க: மண்ணரிப்பு வேறு, மண்சரிவு வேறு
பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை ஏற்பட்ட மண்சரிவில் லயன் வீடுகள் புதையுண்டன, பலர் உயிரிழந்தனர். "சருகு இருந்திருந்தால் இது நடந்திராது" என எழுதுவது தவறாகும். சருகு மேல்மண்ணை மட்டுமே காக்கும். மண்சரிவிலோ, கடும் மழைநீர் சரிவின் ஆழத்தில் ஊறி, மண்ணின் பிடிப்பைக் குறைக்கிறது. அங்கே சருகால் பயனில்லை. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அத்தகைய இடத்திலிருந்து மக்களை உரிய காலத்தில் குடியமர்த்துவதே பாதுகாப்பு.

நீங்கள் மலைச்சரிவில் வசிப்பவராயின், நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கிய நீர் ஆகியவற்றைக் கண்டால் உடனே பெரியவர்களுக்கு அறிவித்து அவ்விடத்தை விட்டு விலகுங்கள்.

பயிற்சி வினா: வரண்ட காலத்தில் சருகு சேர்வதற்கான இரு காரணங்களைத் தருக.
விடைக்குறிப்பு: இலையுதிர்வு கூடுதல், ஈரலிப்புக் குறைவால் பிரிகையாக்கம் மந்தமாதல்.