ரோமிலிருந்து வந்த ஆணையும் கடிதமும்

1999 ஜூலையில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், அமெரிக்காவைச் சேர்ந்த அருட்சகோதரி ஜீனின் கிராமிக், அருட்பணியாளர் ராபர்ட் நுஜென்ட் இருவரும் தன்பாலீர்ப்பாளர்களிடையே எந்த மேய்ப்புப்பணியும் செய்யக்கூடாது என்று நிரந்தரத் தடை விதித்தது. கையெழுத்திட்டவர் கர்தினால் ஜோசப் ராட்சிங்கர். பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆனவர். 2023 அக்டோபரில் அதே கிராமிக், 81 வயதில், வத்திக்கானின் சாந்தா மார்த்தா இல்லத்தில் திருத்தந்தை பிரான்சிசோடு 50 நிமிடம் உட்கார்ந்து பேசினார். இந்த 24 ஆண்டுகளில், தன்பாலீர்ப்பு பற்றிக் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் சொல்வதில் ஒரு வரியும் மாறவில்லை.

கதை தொடங்குவது 1971இல். பிலடெல்பியாவில் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார் கிராமிக். அங்கே அறிமுகமான ஓர் இளைஞர் தன்பாலீர்ப்பாளர். எங்களைப் போன்றவர்களுக்குத் திருச்சபை என்ன செய்கிறது என்று அவர் கேட்டார். பதில் இல்லாத கிராமிக், வீடுகளில் அவர்களுக்காகப் பூசை நடக்க ஏற்பாடு செய்தார். 1977இல் நுஜென்டோடு சேர்ந்து மேரிலாந்தில் ‘நியூ வேஸ் மினிஸ்ட்ரி’ அமைப்பை உருவாக்கினார். குருக்களுக்கும், பிள்ளைகளைப் பற்றிக் கலங்கி நின்ற பெற்றோருக்கும் ஊர் ஊராகப் போய்ப் பயிலரங்கு நடத்தினார்கள்.

1980களில் காற்று திசை மாறியது. 1984இல் வாஷிங்டன் பேராயர் ஜேம்ஸ் ஹிக்கி இருவரையும் தம் மறைமாவட்டத்தில் பணிசெய்ய விடவில்லை. 1986இல் ராட்சிங்கரின் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய கடிதம், திருச்சபைப் போதனையை ஏற்காத குழுக்களுக்கு ஆதரவு தரக்கூடாது என்றது. தன்பாலீர்ப்புக் கத்தோலிக்கர்களின் ‘டிக்னிட்டி’ அமைப்பு பல நகரங்களில் கோயிலை இழந்தது. நியூயார்க் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் அவர்கள் நடத்திவந்த பூசை 1987இல் நின்றது.

கிராமிக், நுஜென்ட் இருவர் மீதும் வத்திக்கான் நடத்திய விசாரணை பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்தது. ஒரு கட்டத்தில், மேடையில் என்ன கற்பித்தீர்கள் என்பதைத் தாண்டி, மனத்துக்குள் என்ன நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். தன்பாலுறவு தன்னளவிலேயே தீயது என்ற போதனையை உள்ளூர ஏற்பதாக எழுதித் தரவேண்டும். நுஜென்ட் எழுதித் தந்தார், சொற்களில் சில திருத்தங்களோடு. அது போதாது என்றது ரோம். கிராமிக் மறுத்தார். சொந்த மனச்சாட்சி பொதுவில் விசாரிக்கும் பொருளல்ல என்பது அவர் நிலை. இந்த வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். ஒருவர் என்ன பேசலாம் என்று அவருடைய சபை கட்டுப்படுத்தலாம். நெஞ்சுக்குள் நுழைந்து கணக்குக் கேட்பது வேறு காரியம். (இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. தடை வருமுன் ரோமிலிருந்து மூனிக் போகும் விமானத்தில் ராட்சிங்கரைத் தற்செயலாகச் சந்தித்துப் பேசியதை கிராமிக்கே சொல்லியிருக்கிறார். மனிதர் இனிமையாகத்தான் பேசினாராம்.)

1999 தடைக்கு அடுத்த ஆண்டு, இருவரும் இனி இது பற்றி வாயே திறக்கக்கூடாது என்றார்கள். நுஜென்ட் பணிந்து பங்குப் பணிக்குத் திரும்பினார், 2014இல் இறந்தார். கிராமிக் பணியவில்லை. தம் துறவற சபையை விட்டு, 2001இல் லொரெட்டோ சகோதரிகளிடம் சேர்ந்தார்.

இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள 2021ஐப் பார்த்தால் போதும். மார்ச் மாதம், தன்பால் இணையருக்கு ஆசீர் வழங்கமுடியாது என்று வத்திக்கான் அறிவித்தது, பிரான்சிசின் ஒப்புதலோடுதான். டிசம்பரில் அதே பிரான்சிஸ் தம் கையாலேயே கிராமிக்குக் கடிதம் எழுதி, அவருடைய 50 ஆண்டுப் பணியைப் பாராட்டினார். இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை. இதை இரட்டை வேடம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தைத் தொடாமல் மனிதர்களைத் தொட முயன்றார். ஆனால் அந்த வழியில் கிடைப்பது எவ்வளவு என்பது 2023 டிசம்பர் 18 அன்று தெரிந்தது. தன்பால் இணையராக வருவோரை குருக்கள் ஆசீர்வதிக்கலாம் என்றது வத்திக்கானின் புதிய அறிக்கை. சடங்கு கூடாது, திருமணம்போலத் தோன்றக்கூடாது. எதிர்ப்பு கிளம்பியதும் ஜனவரியில் வந்த விளக்கம், 10, 15 விநாடி ஆசீர்தானே என்றது. அந்த நேரத்தில் நிதானமாக ஓர் அருள்நிறை மரியே சொல்லி முடிப்பதே கடினம். ஆப்பிரிக்க ஆயர்கள் அதுவும் தங்கள் கண்டத்தில் வேண்டாம் என்றார்கள்.

ஆக, எந்த ஊரில், எந்த ஆயரின் கீழ் இருக்கிறோம் என்பதே ஒரு விசுவாசியின் கதியைத் தீர்மானிக்கிறது. 2019இல் இண்டியானாபோலிசில், ஒருவரையொருவர் மணந்திருந்த இரண்டு ஆண் ஆசிரியர்கள் வெவ்வேறு கத்தோலிக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தார்கள். பேராயர் சொன்னபடி ஒரு பள்ளி தன் ஆசிரியரை நீக்கியது. இயேசு சபையினரின் பிரெபாஃப் பள்ளி மறுத்தது. அது இனிக் கத்தோலிக்கப் பள்ளி அல்ல என்று பேராயர் அறிவித்தார். பள்ளி மேல்முறையீடு செய்ய, வத்திக்கான் அந்த ஆணையை நிறுத்திவைத்தது.

2025 செப்டம்பரில் யூபிலி யாத்திரையாக பால்புதுமைக் கத்தோலிக்கர்கள் நூற்றுக்கணக்கில் பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவு வழியே நுழைந்தார்கள். பிரான்சிசுக்குப் பின் வந்த திருத்தந்தை பதினான்காம் லியோ அதே மாதம் வெளியான நேர்காணலில், எல்லோரும் வரலாம் என்றார். போதனை விரைவில் மாறுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றும் சொன்னார்.