ஒரே பேனா, இரண்டு கோபக்காரர்கள்

இறந்துபோன எழுத்தாளரின் கதாநாயகனை இன்னொருவர் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று சென்ற வாரம் பேசிக்கொண்டிருந்தோம். அதில் ஸ்வீடனை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். அது தனி அத்தியாயத்துக்கே தாங்கும்.

ஸ்டீக் லார்சன் 2004 நவம்பரில் மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு வயது 50. எழுதி வைத்திருந்த மூன்று த்ரில்லர்களில் ஒன்றுகூட அதுவரை அச்சேறவில்லை. மறு ஆண்டு முதல் நாவல் வெளிவந்தது. 'மில்லேனியம்' வரிசை கோடிக்கணக்கில் விற்றது. சட்டப்படி செல்லுபடியாகும் உயில் இல்லாததால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவரோடு வாழ்ந்த எவா காப்ரியெல்சனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உரிமை அப்பாவுக்கும் தம்பிக்கும் போனது. எவா எதிர்க்க எதிர்க்க, நான்காவது நாவல் 2015 ஆகஸ்டில் வந்தேவிட்டது. எழுதியவர் டேவிட் லாகர்கிரான்ஸ்.

அதற்கு முன் அவரை ஸ்வீடன் முழுக்க அறிய வைத்த புத்தகம் த்ரில்லர் அல்ல. கால்பந்து வீரர் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சின் சுயசரிதை. 2011-இல் வந்தது. அட்டையில் 'நான்' என்று சொல்பவர் ஸ்லாட்டன், உள்ளே எழுதியவர் லாகர்கிரான்ஸ். ஸ்லாட்டனின் வாய்வார்த்தைகளை அப்படியே எழுதவில்லை, அவர் பேசுவது போன்ற தோற்றத்தைத்தான் உண்டாக்கினேன் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். அதற்காக முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் சுளிக்கவில்லை. புத்தகம் அப்படி இருக்கிறது.

ஏனென்றால் அதன் கட்டுமானமே த்ரில்லருடையது. மால்மோ நகரத்துக் குழந்தைப் பருவத்தில் அது தொடங்குவதில்லை. எடுத்த எடுப்பில் பார்சிலோனா. பெரிய தொகைக்கு வாங்கப்பட்ட வீரன், பயிற்சியாளர் குவார்தியோலாவின் கண்ணில் மெல்ல மெல்ல மறைந்துபோகிறான். யாரும் எதுவும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. நமக்குள் ஒரு பதற்றம் ஏறியபிறகுதான் ரூசன்கோர்ட் குடியிருப்புக்குக் கூட்டிப்போகிறார். பிரிந்துபோன பெற்றோர், துப்புரவு வேலை பார்க்கும் அம்மா, பாஸ்னியப் போர்ச் செய்திகளில் மூழ்கிக் குடிக்கும் அப்பா, உணவில்லாத குளிர்பதனப் பெட்டி, சைக்கிள் திருட்டு. இவனைக் குழுவிலிருந்து நீக்குங்கள் என்று சக சிறுவர்களின் பெற்றோரே கையெழுத்து வேட்டை நடத்துகிறார்கள். அடுத்து இவன் என்ன செய்வான் என்று பக்கத்தைப் புரட்டாமல் இருக்க முடியாது.

இப்போது மில்லேனியம் நாவல்களின் நாயகி லிஸ்பெத் சாலண்டரை நினைத்துப் பாருங்கள். ஊர் ஒதுக்கிய பிள்ளை, அதிகாரத்தில் இருப்பவன்மேல் ஆறாத வன்மம், ஒரு விஷயத்தில் மட்டும் மேதை. லாகர்கிரான்ஸுக்கு இவள் புதியவளே இல்லை. ஆனால் அவருடைய முதல் மில்லேனியம் நாவலில் கொலையுண்ட கணினி விஞ்ஞானி, ஆட்டிசம் உள்ள சிறுவன், அமெரிக்க உளவு நிறுவனம் என்று இயந்திரம் சுத்தமாக ஓடுகிறது. லிஸ்பெத்தின் கோபம் மட்டும் சுடவில்லை. அவர் எழுதிய மிகச் சிறந்த த்ரில்லர் ஸ்லாட்டனின் சுயசரிதைதான் என்பது என் கட்சி. கோபத்துக்குச் சொந்தக்காரன் எதிரே உட்கார்ந்து பேசினான் அல்லவா?

வெறும் மனத்தாங்கல் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. கால்பந்து வீரர் ஆஷ்லி கோல் 2006-இல் எழுதிய புத்தகத்தில், வாரச் சம்பளம் 55,000 பவுண்டுதான் என்று ஆர்சனல் சொன்னதைக் கேட்ட அதிர்ச்சியில் காரே தடுமாறியதாகச் சொல்கிறார். இங்கிலாந்தே சிரித்தது.

இன்னொரு கால்பந்து வீரரான ராய் கீன் விஷயம் வேறு. 2001 ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டியின் ஆல்ஃப்-இங்கே ஹாலண்டை அவர் மிதித்ததற்கு அப்போதே தண்டனை முடிந்துவிட்டது. மறு ஆண்டு சுயசரிதை வந்தது. அதைப் படித்தால் மிதி திட்டமிட்ட பழிவாங்கல் என்றே தோன்றும். கால்பந்துச் சங்கம் மறுபடி விசாரித்து ஐந்து ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் விதித்தது. கூட எழுதிய ஈமன் டன்ஃபி விசாரணைக்கு வந்து, வார்த்தைகள் என்னுடையவை என்ற பாணியில் காப்பாற்றப் பார்த்தார், பலிக்கவில்லை. எந்தத் துப்பறியும் நாவலிலும் குற்றவாளி தன் வாக்குமூலத்தை இப்படிக் கடைகடையாக விற்றதில்லை.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு: த்ரில்லர் எழுதிய கால்பந்துக்காரர்கள். டெர்ரி வெனபிள்ஸ், நாவலாசிரியர் கார்டன் வில்லியம்ஸோடு சேர்ந்து 1971-இல் செயற்கைப் புல்தரையில் ஆடும் எதிர்காலக் கால்பந்தைப் பற்றி நாவல் எழுதினார். பத்தே ஆண்டில் லண்டன் க்யூ.பி.ஆர். அணி நிஜமாகவே செயற்கைத் தரை போட்டது. அப்போது அதன் மேலாளர் வெனபிள்ஸ்! இருவரும் பி.பி. யூயில் என்ற புனைபெயரில் எழுதிய 'ஹேசல்' துப்பறியும் கதைகள் மூன்று. தொலைக்காட்சித் தொடராகவும் வந்தன. லண்டன் தெருப்பேச்சு துள்ளும் கதைகள், இன்றும் தாராளமாகப் படிக்கலாம்.

ஸ்டீவ் புரூஸ் ஹடர்ஸ்ஃபீல்டு அணியின் மேலாளராக இருந்த காலத்தில் எழுதிய மூன்று நாவல்களைப் பற்றி அப்படிச் சொல்ல மனசாட்சி இடம் தரவில்லை. கதாநாயகன் பெயர் ஸ்டீவ் பார்ன்ஸ், தொழில் கால்பந்து மேலாளர், பக்கவேலை கொலைத் துப்பு. எழுதியவருக்கே பின்னாளில் கூச்சமாகிவிட்டது. ஆனால் பழைய பிரதிகளுக்கு ரசிகர்கள் கொடுக்கும் விலையைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். மோசமான நாவல்களை இப்படித் தேடித்தேடிச் சேர்ப்பவர்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)