ரவாங் மெஷினுக்கு உங்கள் பின் நம்பர் தெரியாது

மலேசியாவின் ரவாங்கில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கும்பகோணத்தில் என் வங்கிக் கணக்கு இருக்கிறது. அவசரத்துக்கு அந்த டெபிட் கார்டை ரவாங் டவுனில் ஏடிஎம்மில் போட்டு வெள்ளி (ரிங்கிட்) எடுக்கிறேன். இங்கே எல்லாரும் ஆறு எண் பின் நம்பர் வைத்திருக்கிறார்கள். என்னுடையது நான்கு எண். அதை மெஷின் எப்படி ஏற்கிறது? இங்குள்ள வங்கிக்கு என் பின் தெரிந்துவிடாதா? பின்னைத் தலைகீழாகப் போட்டால் போலீசுக்குத் தகவல் போகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?”

மூன்று கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. நீங்கள் எண்ணை அழுத்தும் அந்த உலோகப் பொத்தான் பலகைதான் அது.

அந்தப் பலகை தனியாகவே ஒரு கணினி. அதற்குள் ஒரு சிப், அந்தச் சிப்புக்குள் ஒரு ரகசியத் திறவுகோல். யாராவது பலகையை நெம்பி எடுத்தால் திறவுகோல் தானாகவே அழிந்துவிடும். நீங்கள் பின்னை அழுத்தும்போது மெஷினின் கணினிக்கு அந்த எண் போவதில்லை. “ஒரு பொத்தான் அழுத்தப்பட்டது” என்ற செய்தி மட்டும் போகிறது. திரையில் நட்சத்திரக்குறி விழுவது நம் எண்ணை மறைப்பதற்காக என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அந்தக் கணினிக்குத் தெரிந்ததே அவ்வளவுதான்.

பலகைக்குள் நடப்பது அழகான வேலை. அங்கே பதினாறு கட்டங்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் 0. இது எந்த வகை அடுக்கு என்பதற்கான குறி. இரண்டாம் கட்டத்தில் பின் எத்தனை இலக்கம் என்ற எண். பிறகு பின். மிச்சக் கட்டங்களில் வெறும் நிரப்பெழுத்து. உங்கள் பின் 2580 என்றால் 0, 4, 2, 5, 8, 0 என்று ஆறு கட்டம் நிரம்பும். மீதிப் பத்தும் நிரப்பு. மலேசிய வங்கி வாடிக்கையாளர் ஆறு எண் போட்டால் இரண்டாம் கட்டத்தில் 6 வரும், நிரப்பு எட்டாகக் குறையும். பன்னாட்டுத் தரவிதி 4 முதல் 12 இலக்கம் வரை இடம் தருகிறது. அதனால் நான்கு எண்ணைப் போட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும். முன்னாலோ பின்னாலோ சுழி சேர்த்து ஆறாக்கிப் பார்ப்பது தவறு. உங்கள் வங்கி அதைத் தவறான பின் என்றே கணக்கு வைக்கும்.

அடுத்து, இந்தக் கட்டங்களோடு உங்கள் கார்டு எண்ணின் ஒரு பகுதி கலக்கப்படுகிறது. உங்கள் பின்னும் பக்கத்து வீட்டுக்காரர் பின்னும் ஒன்றாகவே இருந்தாலும் வெளியே வரும் எண்கோவை வேறு வேறாக இருக்கும். கலந்ததை ரகசியத் திறவுகோலால் பூட்டிய பிறகே பலகை வெளியே விடுகிறது.

இங்கேதான் எனக்குப் பிடித்த சிக்கல் வருகிறது. ரவாங் பலகையின் திறவுகோல் கும்பகோணம் கணக்கை வைத்திருக்கும் வங்கியிடம் இல்லை. உலகில் உள்ள எல்லா ஏடிஎம்மும் எல்லா வங்கியோடும் திறவுகோல் பகிர்ந்துகொள்ள முடியாது. நடுவே உள்ளூர் வங்கி இருக்கிறது, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற பன்னாட்டு வலை இருக்கிறது. பூட்டிய பெட்டியை ஒவ்வொருவரும் திறந்து, அடுத்தவர் பூட்டைப் போட்டு அனுப்ப வேண்டும். திறந்தும் யாரும் பார்க்கக் கூடாது. எப்படி?

கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். காணிக்கை போட்டவர் பேரும் நட்சத்திரமும் எழுதிய சீட்டில் காசைச் சுற்றிப் போடுகிறார். கார்டு எண் கலப்பது அதுதான். அந்த உண்டியல் ரவாங் கோயிலிலிருந்து கும்பகோணம் போக வேண்டும், வழியில் இரண்டு கோயில்களில் தங்க வேண்டும். ஒவ்வொரு கோயிலிலும் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதற்குள் வாய் திறந்து எதையும் சொல்லத் தெரியாத ஒரு பூசாரி. வந்த உண்டியலைத் திறக்கிறார், உள்ளே இருப்பதை அடுத்த கோயிலின் பூட்டுள்ள உண்டியலில் மாற்றுகிறார், வெளியே தள்ளுகிறார். அறைச் சுவரை யாராவது இடித்தால் முதல் வேலையாகச் சாவிகளை உருக்கிவிடுவார். அந்தச் சாவியும் ஒருவர் கையில் இருப்பதில்லை. உண்டியல் திறக்கும் நாளில் தர்மகர்த்தா, அதிகாரி, கணக்கர் என ஆளுக்கொரு சாவியோடு வந்து நிற்பதுபோல, திறவுகோலின் துண்டுகளை வேறு வேறு அலுவலர்கள் தனித்தனியே வைத்திருப்பார்கள். கூடி நின்று உள்ளே செலுத்தினால்தான் முழுத் திறவுகோல் உருவாகும். பூசாரி என்று நான் சொல்வது வங்கிகளின் கணினி மையத்தில் இருக்கும் பாதுகாப்புப் பெட்டகக் கருவியை. உங்கள் பின் அந்தக் கருவிக்குள் ஒரு கணம் வெளிப்படுகிறது, மறுகணம் அடுத்த பூட்டுக்குள் போய்விடுகிறது.

கடைசிக் கோயிலிலும் காசை வெளியே எடுத்துக் காட்டுவதில்லை. புழக்கத்தில் உள்ள முக்கியமான முறையில், வங்கி உங்கள் பின்னைச் சேமித்து வைப்பதே இல்லை. கார்டு எண், பின், வங்கியின் ரகசியத் திறவுகோல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணைத்தான் வைத்திருக்கிறது. வந்த பின்னைக் கொண்டு அதே கணக்கைப் போட்டு, விடை பொருந்தினால் ‘சரி’, இல்லையென்றால் ‘தவறு’. அந்த ஒற்றைச் சொல்தான் ரவாங்குக்குத் திரும்பி வருகிறது. இதெல்லாம் சில விநாடிகளில் முடிகிறது.

இப்போது வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். பின்னே தெரியாத மெஷினுக்கு அது தலைகீழாக வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? 1221, 4444 போன்ற பின்களைத் திருப்பினாலும் அதேதானே. இப்படி ஒரு யோசனை அமெரிக்காவில் பேசப்பட்டது உண்மை. அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் 2010-இல் ஆராய்ந்தபோது, எந்த ஏடிஎம்மிலும் அது பொருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. திருடன் முன் நின்றுகொண்டு தவறான பின்னை அழுத்தினால் அவன் கோபம்தான் கூடும். அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் எடுக்கப் பின் என்ற யோசனைக்கு ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் குட்ஃபெலோ 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1967-இல் லண்டனின் என்ஃபீல்டில் முதல் மெஷினை நிறுத்திய ஜான் ஷெப்பர்ட்-பாரன் பிறந்தது நம் ஷில்லாங்கில். 1970-களின் தொடக்கத்தில் பாதுகாப்புப் பெட்டகத்தின் முன்னோடியைச் செய்தவர் எகிப்தில் பிறந்த முகமது அட்டாலா. அதற்கு முன் 1959-இல், இன்று பெரும்பாலான சிப்புகளில் இருக்கும் டிரான்சிஸ்டர் வகையை உருவாக்கிய இருவரில் ஒருவரும் அவரே. மலேசியாவில் கார்டு மோசடி பெருகியதால் 2000-களின் முதற்பாதியிலேயே சிப் வந்தது. 2017-இல் கடைகளில் கையெழுத்துக்குப் பதிலாக ஆறு எண் பின் கட்டாயமானது.

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘ராணுவத் தரப் பாதுகாப்பு, உடைக்கவே முடியாது’ என்று விளம்பரம் சொல்வதை நம்பிவிட வேண்டாம். 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஓட்டையைக் காட்டினார்கள். பெட்டகக் கருவி எதையும் சொல்லாது. ஆனால் கேட்டால் ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் தரும். வங்கிக்குள்ளேயே இருக்கும் ஒருவர், பின்னைச் சரிபார்க்கும் கணக்கில் பயன்படும் எண் அட்டவணையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கேள்வி கேட்டால், சராசரியாக 15 முயற்சியில் ஒரு பின்னைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர்கள் நிறுவினார்கள். பூட்டு உறுதியாகவே இருந்தது. பூசாரியிடம் கேட்கக்கூடிய கேள்விகளைக் கட்டுப்படுத்தாமல் விட்டதுதான் பிழை.

ஆனால் சாதாரணத் திருடனுக்கு இந்த வித்தையெல்லாம் தேவையில்லை. பின் பூட்டில்லாமல் இருக்கும் இடம் ஒன்று உண்டு: உங்கள் விரலுக்கும் பொத்தானுக்கும் இடையே உள்ள வெளி. மேலே ஒட்டிய சின்னக் கேமராவும், தோளுக்குப் பின்னால் நிற்கும் கண்ணும் குறிவைப்பது அதைத்தான். மற்றொரு கையால் பலகையை மூடிக்கொள்வது, கோடிக்கணக்கில் செலவிட்ட ஏற்பாட்டை நிறைவு செய்யும் கடைசிப் பூட்டு.

பின் தெரியாத மெஷினுக்கு இன்னொன்று நன்றாகத் தெரியும். கார்டு எண்ணின் தொடக்க இலக்கங்களைப் பார்த்தே இது இந்திய வங்கியின் கார்டு என்று அறிந்துகொள்கிறது. அதனால்தான் சில மெஷின்கள், “ரூபாயிலேயே கணக்கிட்டுத் தரட்டுமா?” என்று கேட்கின்றன. உதவிபோலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 வெள்ளி எடுத்தால் 10,000 ரூபாய். உங்கள் வங்கி 3.5 விழுக்காடு கூடுதலாக எடுத்தால் 350 ரூபாய் போகும். மெஷின் வெள்ளிக்கு 21 ரூபாய் 50 காசு என்று காட்டினால் 750 ரூபாய் போகும். அந்தத் திரையில் எழுதியிருக்கும் விகிதத்தைப் படியுங்கள், ‘மாற்றம் வேண்டாம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், வெள்ளியிலேயே கணக்கு நடக்கட்டும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தனிக் கட்டணம் பிடிக்கும் வங்கிகள் உண்டு. நூறு நூறாக எடுப்பதைவிடத் தேவையை ஒரே தடவையில் எடுப்பது மேல்.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த இந்திய ரிசர்வ் வங்கி விதியால், புதிய கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் வேலை செய்யும்படியே வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். விமானம் ஏறும் முன் அதைச் செய்துவிடுங்கள்; கார்டில் உள்ள சின்னமும் மெஷினில் ஒட்டியிருக்கும் சின்னமும் ஒன்றா என்றும் பாருங்கள். உங்கள் பின்னைக் காக்க உலகெங்கும் பெட்டகங்கள் வேலை செய்கின்றன. உங்கள் பணத்தை மாற்று விகிதத்திடமிருந்து காக்க அப்படி எந்தப் பெட்டகமும் இல்லை. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.