தினப்படியுடன் ஒரு கோடைப் பயிற்சி

சென்ற ஆண்டு டிசம்பரில் எங்கள் ஆய்வகத்தில் கெய்கர் எண்ணிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வரும் எம்.எஸ்சி. முதலாண்டு மாணவி ஒருவர், அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "இதுக்கு எவ்வளவு பணம் கட்டணும் சார்?" என்று கேட்டார். அவருடைய தந்தை தக்காளி பயிரிடுபவர். அந்த வீட்டிலிருந்து வருபவருக்கு முதலில் தோன்றும் கேள்வி அதுதான். பயிற்சி என்றாலே பணம் கட்டிச் சேர்வது என்று நாமும் பழகிவிட்டோம். "நீ ஒண்ணும் கட்ட வேண்டாம்மா, அவங்கதான் உனக்குக் குடுப்பாங்க" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அந்தத் தாளில் இருந்தது செர்ன் ஆய்வுக்கூடத்தின் கோடை மாணவர் திட்டம். ஐரோப்பிய நாடுகள் ஒன்றுசேர்ந்து 1954இல் ஏற்படுத்திய அணுத்துகள் ஆய்வுக்கூடமே செர்ன். இது எந்தத் தனியாருக்கும் சொந்தமானதன்று. உறுப்பு நாடுகள் செலுத்தும் பணத்தில் நடப்பது. ஜெனீவா நகரின் ஓரத்தில், சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் ஆகிய இரு நாட்டு எல்லைக்கும் அடியில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கத்தில் இதன் பெரிய துகள் முடுக்கி அமைந்திருக்கிறது. அதிலுள்ள காந்தங்களைத் துல்லியமாக நிறுத்தித் தாங்கும் தாங்கிகள் 7,000க்கு மேல் இந்தியாவில் செய்து அனுப்பப்பட்டவை. 2017இல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடாயிற்று. ஆகவே அங்கே நம் மாணவர் விருந்தாளியாக அல்ல, ஓரளவு பங்காளியாகவே போகிறார்.

இயற்பியல், பொறியியல், கணினி அறிவியல், கணிதம் பயில்வோரில், கோடைக்குள் மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பை முடிப்பவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். எம்.எஸ்சி. முதலாண்டு மாணவருக்குச் சட்டை தைத்தாற்போல் பொருந்தும். பயிற்சி எட்டு வாரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ நடைபெறும். ஜூலை மாதத்தில் விரிவுரைகளும் உண்டு. மற்ற நேரமெல்லாம் ஓர் ஆய்வுக் குழுவில் வேலை. வழிச்செலவுக்கு உதவியும், நாளொன்றுக்கு 90 சுவிஸ் பிராங்கை ஒட்டிய படியும் தருவது பல ஆண்டு வழக்கம். கணக்கு எளிதாக இருக்க ஒரு பிராங்கை 100 ரூபாய் என்று கொண்டால் தினம் 9,000 ரூபாய்! ஆனால் வியப்பில் மூழ்கிவிட வேண்டாம். ஜெனீவா உலகின் விலை மிகுந்த நகரங்களுள் ஒன்று. அறைக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சுவது அதிகமிராது. வீட்டிலிருந்து பணம் வாங்காமல் இருக்க முடியும் என்பதே இதன் பயன்.

இது சிறிய பயன் அன்று. 2015இல் ஐ.நா. அலுவலகம் ஒன்றில் படியில்லாப் பயிற்சிக்கு வந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர், வாடகை கொடுக்க இயலாமல் ஜெனீவாவில் கூடாரத்தில் தங்கியிருந்த செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் தன் பயிற்சி மாணவர்களுக்குப் படி தர 2018இல் முடிவெடுத்து, 2020இலிருந்து தருகிறது. ஐ.நா. தலைமைச் செயலகம் இன்னும் தருவதில்லை. படி இல்லாத இடத்திற்கு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே போக முடியும். மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் பென்னாகரத்து மாணவர் போக முடியாது. எனவே எந்த அறிவிப்பைக் கண்டாலும் முதலில் படியைப் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள்.

சரி, அங்கே போய் நம் மாணவர் என்ன செய்வார்? கெய்கர் எண்ணிக்கே திரும்புவோம். கதிர்வீச்சுப் பொருளை வைக்கும் முன்பே எண்ணி டிக், டிக் என்கிறது. அது பின்னணி. பொருளை வைத்தபின் வரும் எண்ணிக்கையிலிருந்து அதைக் கழிக்கிறோம். 100 எண்ணினால் இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 10, அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 எண்ணினால் அது 100, நூற்றுக்கு ஒன்றுதான். பொறுமையாக எண்ண எண்ண விடை தெளிகிறது. செர்னிலும் இதே கதைதான், அளவுதான் வேறு. அங்கே புரோட்டான் கொத்துகள் விநாடிக்கு சுமார் 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. அவற்றில் ஆயிரத்தை ஒட்டியவை மட்டுமே பதிவு செய்யப்படுகின்றன. மற்றவை அக்கணமே கைவிடப்படும். அந்தப் பதிவுகளின் பெரும் பின்னணிக்கு மேலே தெரிந்த சிறு மேட்டைக் கொண்டுதான் 2012இல் ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்தார்கள். கோடை மாணவரின் பங்கு இதில் ஒரு துணுக்காக இருக்கும்: ஓர் உணர்கருவியின் அளவீட்டைச் சரிபார்ப்பது, ஒரு நிரலை எழுதிச் சோதிப்பது போன்றவை.

இதற்கான ஒத்திகையை இங்கிருந்தே தொடங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. செர்ன் தன் உண்மையான மோதல் பதிவுகளில் ஒரு பகுதியை 2014 முதல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இலவசமாக வெளியிட்டு வருகிறது. ஒரு கணினியும் பைத்தான் மொழியும் போதும். விண்ணப்பத்தில் "எனக்கு இயற்பியலில் மிகுந்த ஆர்வம்" என்று எழுதுவதைவிட, அந்தப் பதிவுகளைக் கொண்டு வரைந்த ஒரு வரைபடத்தைப் பற்றி நான்கு வரி எழுதுவது மேல். ஆங்கிலம் வேண்டும்தான், தமிழ்வழி படித்தவர் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. வேலையை விளக்கும் அளவு ஆங்கிலத்தை ஒரே ஆண்டில் கற்றுவிடலாம்.

சில நூறு இடங்களுக்குப் பல ஆயிரம் பேர் போட்டியிடுகிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. இதனோடு வேறு சிலவற்றையும் பார்த்து வையுங்கள். இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய பன்னாட்டு இயற்பியல் மையம், வளரும் நாட்டு மாணவருக்கு உதவித்தொகையுடன் ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அணு அறிவியலில் முதுகலை படிக்கும் பெண்களுக்காகப் பன்னாட்டு அணுசக்தி முகமை மேரி கியூரி பெயரில் 2020இல் ஓர் உதவித்தொகையைத் தொடங்கியது. பயிற்சிக்கும் அதில் இடமுண்டு. இவற்றுக்கு இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி யாரேனும் முன்பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை.

செர்ன் விண்ணப்பத்திற்கான கடைசி நாள் ஜனவரி இறுதியை ஒட்டி வருவது வழக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் தவறிவிடும். மதிப்பெண் சான்றும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். நான் படித்த காலத்தில் இதுபோன்ற ஒரு பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். கடிதம் எழுத ஒப்புக்கொண்டவர் மறந்துவிட்டார். நினைவூட்ட எனக்குக் கூச்சம். அதோடு முடிந்தது. நீங்கள் கூச்சப்படாமல் இரண்டு முறை, மூன்று முறை கேளுங்கள். பாஸ்போர்ட்டையும் முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது.

அந்த மாணவி ஜனவரியில் விண்ணப்பித்தார், இடம் கிடைக்கவில்லை. கோடையில் பட்டம் பெறவிருப்பவரும் விண்ணப்பிக்கலாம் என்று விதியில் இருப்பதால் மறுபடியும் முயல்கிறார். இப்போது அவரிடம் சொந்தமாக எழுதிய நிரல் ஒன்று இருக்கிறது. அவருக்கான பரிந்துரைக் கடிதத்தை நான் எழுதி முடித்துவிட்டேன்.